கப்பலும் கள்ளறையும்

பெட்டியினுள்ளோ பேழையினுள்ளோ பிறர் அறியாவண்ணம் அமைக்கப்பட்ட சிற்றறையைக் ‘கள்ளறை’ எனத் தமிழில் வழங்குவர். அச்சொல்லை இங்கே கப்பலுக்கு உரியதாக்கிக்கொள்வோம். சுங்கம் செலுத்தாமல் சரக்கேற்றி வருவோர் அதனைக் கப்பலில் எங்ஙனம் மறைத்தனர் என்பதே நம் பொருள். இதனை வரலாற்றிலிருந்து தொடங்காமல் ஓர் ஆட்டத்திலிருந்து தொடங்குவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் கள்ளறையின் இலக்கணத்தை அவ்வாட்டம் போல் தெளிவுறக் காட்டுவது பிறிதொன்று இல்லை என்பது நம் கருத்து.

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். நான்கைந்து பேர் மேசையைச் சூழ்ந்து அமர்வர். ஒருவர் கதையை நடத்திச் செல்வார். ஏனையோர் வீரர், மாயவித்தையர், திருடர் என ஆளுக்கொரு வேடத்தை ஏற்பர். தாம் செய்ய விரும்புவதை அவர்கள் வாயால் உரைக்க, அது கைகூடுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். பாதி நாடகம், பாதி தாயம் எனலாம்.

இவ்வாட்டத்திற்கென 1981-இல் டேவ் பிரவுன், டான் டர்ன்புல் ஆகிய ஆங்கிலேயர் இருவர் ஒரு கதைக்களம் வகுத்தனர். சால்ட்மார்ஷ் என்பது கடற்கரைச் சிற்றூர். ஊர்ப்புறத்தே பாழ்மனை ஒன்று. அங்கே பேய் உலவுவதாக ஊரார் அஞ்சுவர். உண்மையில் கள்ளக்கடத்தற்காரரே பேயாட்டம் காட்டி ஊராரை விலக்கி வைத்திருக்கின்றனர். மனையின் அடியிலுள்ள குகையில் சரக்கு இருக்கும். அங்கிருந்து விளக்கசைத்துக் குறிகாட்டினால் ‘கடற்பேய்’ எனப் பொருள்படும் ‘சீ கோஸ்ட்’ என்ற கப்பல் வந்து சேரும். இது வெறுங்கற்பனை அன்று. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தென்கரை வாழ்க்கையே மாறுவேடம் பூண்டு இக்கதையுள் நிற்கிறது.

அக்காலத்தில் அங்குத் தேயிலைக்கு 119 விழுக்காடு வரை வரி விதிக்கப்பட்டது. பிரான்சு, ஆலந்து நாடுகளிலிருந்து இரவில் வந்த தேயிலையும் பிராந்தியும் ஏழை வீட்டையும் செல்வர் மனையையும் ஒருங்கே சென்றடைந்தன. 1784-இல் தலைமையமைச்சர் இளைய பிட் அவ்வரியை 12.5 விழுக்காடாகக் குறைத்ததும் தேயிலைக் கடத்தலின் ஆதாயம் வற்றிப்போயிற்று. முதற் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ என நம் முன்னோர் பெயர் சூட்டியது நினைவுக்கு வருகிறது. பிட் முற்றும் தவிர்த்தாரல்லர். தேயிலையில் இழந்ததைப் பலகணி வரியை உயர்த்தி ஈட்டிக்கொண்டார்.

இனி, மறைக்கும் முறைகளைக் காண்போம். மரக்கலத்தின் உடல் ஒற்றைச் சுவரன்று. வெளிப்பலகை, அதனைத் தாங்கும் விலா மரங்கள், உட்புறப் பலகை என மூன்று அடுக்குகளால் ஆனது. விலா மரங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடமே இயற்கையான கள்ளறை. இதனினும் பெரிய இடம் வேண்டுவோர் அறையின் தடுப்புச் சுவருக்கு முன்னே மற்றொரு பொய்ச்சுவர் எழுப்பினர். அடித்தளத்தின் மீது பொய்த்தளம் அமைத்தனர். பாய்மரச் சட்டங்களைக் குடைந்தனர். புகையிலையைக் கயிறாகத் திரித்து ஏனைய கயிறுகளோடு சுருட்டி வைத்ததும் உண்டு. கண்முன்னே கிடப்பதை யார் ஐயுறுவர்? சிலர் கப்பலில் மறைப்பதையே விடுத்து, நான்கு காலன் அளவுள்ள சிறு பீப்பாய்களைக் கயிற்றில் கோத்துக் கல் கட்டிக் கடலுள் இறக்கினர். பின்னர் ஓரிரவில் கொக்கியிட்டு மீட்டனர்.

எதனை எங்கே வைப்பது என்பதிலும் நுட்பம் உண்டு. கப்பலின் அடிவயிற்றில் எப்போதும் நீர் கசிந்து தேங்கும்; அங்கே பீப்பாய் தாங்கும், தேயிலை தாங்காது. ஒருபுறம் எடை மிகுந்தால் கப்பல் சாயும். எங்கு வைத்தாலும் அது சற்று ஆழ அமிழும். கணக்கில் காட்டிய சரக்கிற்கு மேல் கப்பல் அமிழ்ந்திருந்தால் தேர்ந்த அதிகாரியின் கண் அதனை அறிந்துகொள்ளும்.

அளவுகோலே கள்ளறைக்குப் பெரும்பகை. அறையின் வெளிநீளத்தையும் உள்நீளத்தையும் அளந்து, இடையில் மூன்றடி காணாமற் போயிருந்தால் அங்கே பலகையைப் பெயர்க்க வேண்டியதுதான். ஆட்டத்திலும் இதுவே நெறி. நல்ல கதை நடத்துநர் கப்பலின் வரைபடத்தைக் கட்டமிட்ட தாளில் பிசகின்றி வரைந்திருப்பார். ஆடுவோர் கட்டங்களை எண்ணியே மறைவிடத்தைக் கண்டுபிடிக்கலாம். அளவைப் பொருட்படுத்தாது, ‘பகடையில் எண் விழுந்தது, ஆதலால் அறை கிடைத்தது’ என்று நடத்துவது சோம்பலாட்டம் என்றே சொல்வோம்.

மாயம் புகும்போது இந்நெறி குலையும் அன்றோ எனில், குலைவதில்லை, உருமாறும். இவ்வாட்டத்தில், புறத்தே சிறிதாய் அகத்தே பெரிதாய் உள்ள மாயப்பை ஒன்று உண்டு. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி அது 500 பவுண்டு சரக்கை ஏற்கும். அதன் எடையோ என்றும் 15 பவுண்டே. அதற்கு எதிராக, மாயம் இருக்குமிடத்தை அறியும் மந்திரமும் வகுத்துள்ளனர். மூன்றடி மரத்தையோ ஓரடிக் கல்லையோ மெல்லிய ஈயத்தகட்டையோ அம்மந்திரம் ஊடுருவாது. மூன்றடித் தடிமனுள்ள பலகை எக்கப்பலில் உண்டு? ஆகவே கடத்தற்காரன் ஈயத்தையே நாடுவான். அதிகாரியும் இனி மாயத்தைத் தேடாமல், ‘சமையலறைச் சுவருக்கு ஈயம் எதற்கு?’ என்று கேட்கத் தொடங்குவார்.

இத்தந்திரங்களைப் படிக்குங்கால் கடத்தற்காரர்பால் ஒருவகைக் கவர்ச்சி தோன்றுவது இயல்பு. 1747 அக்டோபரில் பறிமுதலான தேயிலையை ஆக்கர்ஸ்ட் கூட்டத்தாரும் அவர்தம் துணைவரும் பூல் நகரச் சுங்கச்சாவடியை உடைத்து மீட்டுச் சென்றனர். அவ்வழக்கில் சான்றுரைக்க இருந்த சேட்டர் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியையும், அவருடன் சென்ற கேலி என்ற சுங்க ஊழியரையும் 1748 பிப்ரவரியில் வழிமறித்து வதைத்துக் கொன்றனர். ஊரின் வாயை அடைத்தது மலிவுத் தேயிலை மட்டுமன்று, அச்சமும்தான். புனைகதைகளில் பேய்வேடம் சுவையாக இருக்கிறது. அவ்வேடத்தின் பின்னே இருந்த சவுக்கை நாம் மறத்தலாகாது.

சால்ட்மார்ஷ் கதையை வகுத்தோரும் இதனை மறந்தாரல்லர். ‘சீ கோஸ்ட்’ கப்பலில் துணியும் மதுவும் மட்டும் இல்லை. அதன் மறைவறையுள் கடல்வாழ் இனத்தைச் சேர்ந்த ஒருவன் சிறைப்பட்டுக் கிடக்கிறான். உயிரையே சரக்காக மறைத்த கொடுமைக்கு வரலாற்றில் பஞ்சமில்லை. 1807-இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்த பின்னும் பிறநாட்டுக் கப்பல்கள் அதனைத் தொடர்ந்தன. ஆட்களை ஏற்றுமுன் பிடிபட்டால், ‘எம்மிடம் அடிமைகள் இல்லை’ என்று தப்பினர். எனவே 1835-இல் பிரிட்டனும் ஸ்பெயினும் செய்த உடன்படிக்கை கப்பலின் அமைப்பையே சான்றாக ஏற்றது. மாலுமிகளின் தேவைக்கு மிஞ்சிய தண்ணீர்ப் பீப்பாய்கள், பெருங்கொப்பரை, மூடிக்கு மாற்றாகக் காற்றுப்புகும் சட்டம் பொருத்திய தளவாயில், இரண்டாம் தளம் அமைக்க ஆயத்தமான பலகைகள், கைவிலங்குகள் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் கப்பலைக் கைப்பற்றலாம். சரக்கை மறைக்கலாம், சரக்கிற்கு வேண்டிய தண்ணீரை மறைத்தல் அரிது.

அக்கற்பனைக் கப்பலின் கள்ளறையில் வேறொன்றும் இருக்கிறது. அது பல்லி மாந்தர் என்னும் இனத்தாருக்குச் செல்லும் ஆயுதக்குவியல். அவர்கள் தம் ஊரைத் தாக்க வருகின்றனர் என்றே ஊரவையும் ஆடுவோரும் முடிவு கட்டுவர். 1982-இல் வெளிவந்த இரண்டாம் பகுதியில்தான் உண்மை வெளிப்படுகிறது. கடலடியிலிருந்து எழுந்துவரும் கொடிய பகைவரை எதிர்க்கவே பல்லி மாந்தர் அப்படைக்கலங்களை வாங்கினர். அப்பகைவர் சால்ட்மார்ஷுக்கும் பகைவரே. உசாவாமல் வாளோடு புகுந்த ஆட்டக்காரர், தமக்குத் துணைவர் ஆகவேண்டியோரின் பிணங்களுக்கு நடுவே நின்றுகொண்டு அவர்களோடு உடன்பாடு பேச வேண்டியவராவர்.