ஓடுதளத்தின் இரு முனைகள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. ஆனால், உளுந்தூர்பேட்டை அருகே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த ராணுவ ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அங்கே மறுபடி விமானம் இறங்குமா என்ற பேச்சு அவ்வப்போது எழும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஓடுதளத்தைச் சுற்றி எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது?

விமான விபத்துகளில் பெரும்பாலானவை புறப்படும்போதோ இறங்கும்போதோ நேர்கின்றன. அப்போது விமானம் தாழ்வாக, வேகம் குறைந்து, ஓடுதளத்தின் நேர்கோட்டில் பறக்கிறது. இன்ஜின் பழுதானால் திரும்புவதற்கு உயரமும் இல்லை, அவகாசமும் இல்லை. எனவே ஆபத்து வட்டமாகப் பரவுவதில்லை. ஓடுதளத்தின் இரு முனைகளுக்கு நேரே நீளும் பட்டைகளில் குவிகிறது.

பிரிட்டனில் இந்தப் பட்டைகளைப் ‘பொதுப் பாதுகாப்பு மண்டலம்’ என்று வகுத்தார்கள். அங்கே வசிக்கும் ஒருவர் விமானம் விழுந்து இறக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு லட்சத்தில் ஒன்றைத் தாண்டினால், புதிய குடியிருப்புக்கு அனுமதி கிடைப்பது அரிது. அமெரிக்க விமானப்படை தன் தளங்களின் ஓடுதள முனையிலிருந்து நீளும் நிலத்தை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கிறது. முதல் 3,000 அடியில் கட்டடமே கூடாது. அடுத்த 5,000 அடியிலும், அதற்கடுத்த 7,000 அடியிலும் மக்கள் திரளும் இடங்களைத் தவிர்க்கச் சொல்கிறது. மொத்தம் சுமார் நாலரை கிலோமீட்டர். போர் விமானங்கள் அடிக்கடி பயிற்சியில் ஈடுபடுவதும், வெடிபொருள் சுமப்பதும் இந்தக் கவனத்தை இன்னும் அவசியமாக்குகின்றன.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் மருத்துவக் கல்லூரி விடுதி மீது விழுந்தது. தரையில் இருந்தவர்களும் மாண்டனர். அடுத்த மாதம் 21-ம் தேதி டாக்காவில் பயிற்சியில் இருந்த வங்கதேச விமானப்படை விமானம் ஒரு பள்ளி மீது விழுந்து குழந்தைகள் பலியாயினர்.

இந்தியாவில் 1903-ம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டம், ராணுவ நிலையங்களை ஒட்டிய நிலத்தில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2015-ம் ஆண்டின் விமானப் போக்குவரத்து விதிகள், விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டடங்களின் உயரத்துக்கு வரம்பு வைக்கின்றன. விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டுவதும் கால்நடைகளை அறுப்பதும் குற்றம். பறவைகள் கூடும் என்பதே காரணம். 2019-ல் அம்பாலாவில் பறவை மோதிய ஜாகுவார் விமானத்தின் விமானி, எரிபொருள் தொட்டிகளையும் பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டே தளம் திரும்ப முடிந்தது. அவை குடியிருப்புகளுக்கு அருகே விழுந்தன.

உளுந்தூர்பேட்டைக்குத் திரும்புவோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை விமானியின் வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதை விலக்கியே பாதை வகுப்பார்கள். ஓடுதள முனையில் நாளை எழக்கூடிய செல்போன் கோபுரமும் திருமண மண்டபமும் பள்ளிக்கூடமும் எந்த வரைபடத்திலும் இல்லை. அவை எங்கே எழலாம் என்பது மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வழங்கும் மேசையில்தான் முடிவாகிறது.

குடியேறிய பின் மக்களை எழுப்பி அனுப்புவது அநீதி, இழப்பீடும் ஈடாகாது. ஓடுதளத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன்பே, அதன் இரு முனைகளிலும் நாலரை கிலோமீட்டர் நீளப் பட்டையை வரைந்து, ஊராட்சி அலுவலகங்களில் மக்கள் பார்வைக்கு வையுங்கள். அங்கே உளுந்தும் கரும்பும் தடையின்றி விளையட்டும். விளைச்சல் நிலமாகவே அதைக் காக்கும் விவசாயிக்கு உரிய ஈட்டுத்தொகையை அரசு தர வேண்டும். மனை வாங்குவோரும் ஓடுதளம் எந்தத் திசையில் நீள்கிறது என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுக்கட்டும்.