15 வருடப் போராட்டம்... ஒரு ராப் பாட்டு... 591 தொழிலாளர்கள்! `கொடைக்கானல் வோன்ட்' கதை

மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் கல்லூரி மாணவரின் இயர்போனில் இன்றைக்கு ஒரு ஹிப்ஹாப் சிங்கிள் ஓடுகிறது என்றால், அதற்குப் பின்னால் ஒரு சினிமா இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே ஒரு பாட்டு, ஒரு வீடியோ, யூடியூப் சேனல். அவ்வளவுதான் ரிலீஸ்! ஆனால், அப்படி வெளியான ஒரு பாட்டு, பன்னாட்டு நிறுவனத்தின் தலைவரையே பதில் சொல்ல வைத்தது தெரியுமா?

அந்தப் பாட்டின் பெயர் `கொடைக்கானல் வோன்ட்'. வெளியானது 2015 ஜூலை இறுதியில். பாடியவர் சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப்.

தெர்மாமீட்டரில் தொடங்கிய பிரச்னை

காய்ச்சல் வந்தால் நாக்குக்கு அடியில் வைப்போமே, அந்தக் கண்ணாடி தெர்மாமீட்டர்தான் இந்தக் கதையின் தொடக்கம். அதைத் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று, 1980-களில் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்திலிருந்து கொடைக்கானலுக்கு இடம் மாறி வந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்குப் போனது. தயாரான தெர்மாமீட்டர்கள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின.

தெர்மாமீட்டருக்குள் இருப்பது பாதரசம். சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதனால், சுவாசிப்பவருக்கே தெரியாது. நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய இரும்புக்கடை ஒன்றில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் டன் கணக்கில் கிடப்பதை ஊர் மக்கள் கண்டுபிடித்தார்கள். போராட்டம் வெடித்தது. அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

கழிவு போய்விட்டது. ஆனால், அங்கே வேலை பார்த்தவர்கள்? தங்கள் உடல்நலக் கோளாறுகளுக்குப் பாதரசமே காரணம் என்று சொன்ன முன்னாள் தொழிலாளர்கள், 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வேலையால் யாருக்கும் உடல்நலம் கெடவில்லை என்று நிறுவனம் தொடர்ந்து மறுத்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கொடைக்கானலுக்கு வெளியே பலரும் இதை மறந்தே போனார்கள்.

மெட்டு அமெரிக்கா... வலி கொடைக்கானல்!

இந்த இடத்தில்தான் அந்தப் பாட்டு வருகிறது. `ஜட்கா' என்ற அமைப்பு வெளியிட்ட வீடியோவை இயக்கியவர் ரதீந்திரன் ஆர்.பிரசாத். அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜின் `அனகோண்டா' பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு, அதில் தொழிலாளர்களின் கோரிக்கையை வைத்தார் சோஃபியா. ஏற்கெனவே உலகம் முழுக்கக் கேட்ட மெட்டு என்பதால், கேட்டவர்கள் சட்டென நின்று கவனித்தார்கள்.

சில நாள்களிலேயே பார்வைகள் லட்சங்களைத் தாண்டின. நிக்கி மினாஜே தன் ட்விட்டர் பக்கத்தில் அதைப் பகிர, விஷயம் உலகச் செய்தியானது. யூனிலீவர் நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி பால் போல்மன், தீர்வுக்காக முயன்றுவருவதாக ட்விட்டரில் பதில் சொன்னார்.

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் சமரச ஒப்பந்தம் செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையிலான உதவி என்றது நிறுவனம். ஆலை மூடி அப்போது 15 வருடங்கள் ஆகியிருந்தன.

பாட்டு மட்டுமா ஜெயித்தது?

இல்லை. சங்கமாகச் சேர்ந்து கோர்ட் படியேறிய தொழிலாளர்களும், ஆவணங்களைத் தேடித் திரட்டிய சூழலியல் ஆர்வலர்களும்தான் இந்தப் போராட்டத்தின் முதுகெலும்பு. அவர்கள் 15 வருடங்களாகச் சொன்னதை, சில நிமிடங்களில் உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனது ராப். கேஸ் கட்டுகளைப் படிக்காதவர்களும் பாட்டைக் கேட்டார்கள்!

கதை அதோடு முடியவில்லை. ஆலை வளாகத்து மண்ணில் கலந்த பாதரசத்தை எந்த அளவுக்கு நீக்க வேண்டும் என்பதில் சர்ச்சை தொடர்ந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்ற அளவு போதாது என்றனர் ஆர்வலர்கள். 2018-ல் `கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்' என்ற அடுத்த பாட்டு வந்தது. இந்த முறை சோஃபியாவுடன் கர்னாடக இசைக்கலைஞர் டி.எம்.கிருஷ்ணாவும் சேர்ந்துகொண்டார்.

மார்த்தாண்டத்துக்குக் கிழக்கே தெரியும் மலைகளும் கொடைக்கானலும் ஒரே மேற்குத் தொடர்ச்சி மலையின் பிள்ளைகள்தான். இங்கும் கையில் போனோடு ராப் எழுதும் இளைஞர்கள் இருக்கிறார்கள். காதலையும் கெத்தையும் பாடட்டும், தப்பில்லை. கூடவே, பக்கத்து வீட்டுக்காரர் வருடக்கணக்கில் அலைந்துகொண்டிருக்கும் ஒரு பிரச்னையையும் நாலு வரி பாடினால், அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கொடைக்கானலே சாட்சி!