வாதுமைக் கிளையும் விழித்திருக்கும் ஆண்டவரும்

இறைவாக்கினர் எரேமியாவை ஆண்டவர் அழைத்தபோது அவர் இளைஞர். தமக்குப் பேசத் தெரியாதே என்று தயங்கி நின்றவர். அவருடைய வாயைத் தொட்டுத் திடப்படுத்திய ஆண்டவர், அதன்பின் அவரிடம் கேட்ட முதல் வினா நம்மை வியக்க வைக்கின்றது. உனக்கு என்ன தெரியும் என்றோ, உன்னால் என்ன செய்ய முடியும் என்றோ அவர் வினவவில்லை. நீ காண்பது என்ன என்றே வினவினார். எரேமியா கண்டது வாதுமை மரத்தின் கிளை ஒன்று (எரே 1:11-12).

நம்முடைய கடற்கரைகளில் நிழல் பரப்பி நிற்கும் நாட்டு வாதுமை அன்று இது; பாதாம் பருப்பைத் தரும் மரம். திருநாட்டிலே ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கும் மழையும் அதனோடு வரும் குளிரும் பங்குனி வரை நீடிப்பதுண்டு. யெருசலேம் மலைகளில் சில ஆண்டுகளில் பனியும் பொழியும். ஏனைய பல மரங்கள் இலையின்றி உறங்கிக் கிடக்கும் தை, மாசி மாதங்களிலேயே, வாதுமை மரம் இலைகள் துளிர்க்குமுன் வெண்மையும் இளஞ்சிவப்புமாய்ப் பூத்துவிடும். நேற்று விறகெனத் தோன்றிய கிளை இன்று பூங்கொத்தாகி நிற்கும். எபிரேய மொழியில் அம்மரத்தின் பெயர் 'ஷாகேத்'. விழித்துக் காத்திருப்பதைக் குறிக்கும் சொல் 'ஷோகேத்'. ஒலியால் இணைந்த இவ்விரு சொற்களைக் கொண்டே, தம் வாக்கை நிறைவேற்றத் தாம் விழிப்பாயிருப்பதை ஆண்டவர் எரேமியாவுக்கு உணர்த்தினார். எல்லாம் உறங்குவதாகத் தோன்றும் வேளையிலும் உறங்காதவர் ஒருவர் இருக்கின்றார் என்பதே அக்கிளை சொன்ன செய்தி.

ஆனால், துன்பத்தில் உழலும் ஒருவரிடம் பூவைப் பாருங்கள் என்று சொல்வது பொருந்துமா? திரும்பி வராத பிள்ளையின் நிழற்படத்துக்கு முன்னால் நாள்தோறும் விளக்கேற்றும் தாய்மார் நம் பங்குகளில் இருக்கின்றனர். அவர்களிடம் இயற்கையின் அழகைப் பற்றிப் பேசுவது, அவர்களுடைய துயரைச் சிறிதாக்குவதாகாதா?

இதற்கான விடை அதே அதிகாரத்தின் அடுத்த வசனத்தில் இருக்கின்றது. நீ காண்பது என்ன என்று ஆண்டவர் மீண்டும் வினவுகின்றார். இம்முறை எரேமியா கண்டது, வடக்கிலிருந்து சாய்ந்திருந்த கொதிக்கும் பானை. வரவிருந்த பேரழிவின் அடையாளம் அது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் யெருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்தபோது, அந்த அழிவையும் அவர் வாழ்ந்தே கடந்தார். கிளையைக் கண்ட கண்களே பானையையும் கண்டன. ஆகவே பூவைக் காண்பது துயரத்துக்குக் கண்மூடுவதன்று. துயரத்தின் முன் நிலைத்து நிற்பதற்கான பலத்தைப் பெறுவதாகும்.

இதைத் தம் வாழ்வில் உணர்ந்தவர் சகோதரர் லோறன்ஸ். முப்பதாண்டுப் போரில் படைவீரராக இருந்து காயமுற்றவர் அவர். 18 வயதில், பனிக்காலத்தில் இலையற்று நின்ற மரமொன்றைக் கண்டார். சில காலத்தில் அது மீண்டும் துளிர்த்துப் பூக்கும், கனி தரும் என்று எண்ணிய கணத்தில், இறைவனின் பராமரிப்பும் வல்லமையும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. பின்னர் பாரிஸ் நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்து, நீண்ட காலம் சமையலறையில் பணியாற்றி, பானைகளின் நடுவிலும் இறைப்பிரசன்னத்தில் வாழ்ந்து, 1691இல் இறையடி சேர்ந்தார். அவர் கண்டது பூவைக்கூட அன்று. பூக்கப்போகும் வெறுங்கிளையை மட்டுமே.

நம் ஆண்டவர் இயேசுவும் இவ்வாறு கூர்ந்து நோக்கியவரே. வயல்வெளி மலர்களைக் காட்டித் தந்தையின் பராமரிப்பைப் போதித்தார். தம் பாடுகள் அண்மித்த நாட்களிலும், அத்திமரம் தளிர் விடுவதைக் கவனித்துக் காலத்தை அறிந்துகொள்ளுமாறு சீடருக்குச் சொன்னார் (லூக் 21:29-31). சிலுவை கண்முன் நின்ற வேளையிலும் தளிரைக் காட்டிய ஆண்டவர் அவர்!

நமக்கு அத்தகைய குளிர்காலம் இல்லை. ஆயினும் மார்கழி, தைப் பனி விலகி மாசி பிறக்கும்போது, வேலியோரத்து முள்முருக்கு இலைகளை உதிர்த்துவிட்டுச் செந்நிறப் பூக்களை ஏந்தி நிற்பதைக் கண்டிருக்கின்றோம். பங்குனி, சித்திரையில் வேப்பம்பூக்கள் முற்றத்தில் சிதறிக் கிடப்பதையும் அறிவோம். பெரும்பாலும் இந்நாட்களிலேயே தவக்காலமும் வருகின்றது. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலைப் பெற்று, உயிர்ப்பை நோக்கி நாம் நடக்கும் அதே வழியில், மரங்களும் நம்மோடு நடக்கின்றன. நாமோ அவசரத்தில் அவற்றைக் காணாமலே கடந்துவிடுகின்றோம்.

அன்பான பெற்றோரே, இத்தவக்காலத்தில் மாலைச் செபத்துக்காகக் குடும்பமாக அமரும்போது, செபமாலையைத் தொடங்குமுன் ஆண்டவர் எரேமியாவிடம் கேட்ட வினாவை உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "இன்று நீ என்ன கண்டாய்?" ஒருவர் தளிரைச் சொல்லலாம், இன்னொருவர் வகுப்பில் அழுத நண்பனைச் சொல்லலாம். இரண்டையும் இறைவனிடம் ஒப்படையுங்கள். விளக்கேற்றும் அந்தத் தாயின் வீட்டுக்கு ஒரு மாலையில் சென்று, அவரோடு சற்று நேரம் அமர்ந்திருங்கள். அவர் மட்டும் விழித்திருக்கவில்லை, அவரோடு ஆண்டவரும் விழித்திருக்கின்றார் என்பதற்கு, உங்கள் வருகையே பூத்த கிளையாக அமையட்டும்.