'நெர்ஃப் பண்ணிட்டாங்க!' - ஒரு அப்டேட்டுக்கு கேமர்கள் ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள்?

கடலூரில் பஸ் ஏறி சிதம்பரம் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். வழியெல்லாம் தலை நிமிராமல் போனில் கேம் ஆடும் பக்கத்து சீட்டுத் தம்பி, திடீரென்று 'நெர்ஃப் பண்ணிட்டாங்க' என்று நொந்துகொண்டால், அவர் தோற்றுவிட்டார் என்று அர்த்தமில்லை. மாதக்கணக்கில் அவர் வளர்த்த கேரக்டரின் பலத்தை, கேம் கம்பெனி ஒரே அப்டேட்டில் குறைத்துவிட்டது என்று அர்த்தம்.

கிளாஸ், நெர்ஃப், பஃப்

ஆன்லைன் ரோல் பிளேயிங் கேம்கள் பலவற்றில் முதலில் ஒரு 'கிளாஸ்' எடுக்க வேண்டும். முன்னால் நின்று அடி வாங்குபவர், தூரத்தில் நின்று மந்திரம் போடுபவர், கூட்டாளிகளைக் குணப்படுத்துபவர் என ஆளுக்கொரு வேலை. ஒரு கிளாஸ் மட்டும் ரொம்ப பலமாகிவிட்டால் எல்லோரும் அதையே எடுப்பார்கள், ஆட்டம் போரடித்துவிடும். அதனால் கம்பெனி அவ்வப்போது கணக்கைச் சரிசெய்யும். பலத்தைக் குறைத்தால் 'நெர்ஃப்', கூட்டினால் 'பஃப்'. நெர்ஃப் என்பது ஸ்பாஞ்ச் பொம்மைகள் செய்யும் அமெரிக்க பிராண்ட். 1997-ல் வந்த அல்டிமா ஆன்லைனில் வாள்களின் பலம் குறைந்தபோது, பொம்மை வாளால் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று கிண்டலடித்ததில் பிறந்த பெயர் என்கிறார்கள்.

கபடியில் யோசித்துப் பாருங்கள். எதிரே ஆறு பேராவது நின்றால்தான் ரெய்டருக்கு போனஸ் பாயின்ட். அதையே பழகிப் பழகிக் கைவந்த ஒருவரிடம், தொடரின் நடுவில் 'இனி போனஸே கிடையாது' என்றால்? விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அடி மட்டும் அவருக்கு.

டயாப்லோ 4-ல் நடந்தது

2023 ஜூன் 6-ல் வெளியான டயாப்லோ 4-ல் அப்போது ஐந்து கிளாஸ்கள். ஜூலை 18-ல் வந்த 1.1.0 அப்டேட் ஐந்தின் பலத்தையுமே குறைத்தது. ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த மந்திரவாதி கிளாஸுக்கு சரியான அடி. போதாததற்கு, டன்ஜனை விட்டு வெளியேறும் நேரம்கூட 3 விநாடியில் இருந்து 5 ஆனது. இதை பேலன்ஸ் என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

எதிர்ப்பு வெடித்ததும், மூன்றே நாளில் பிளிசார்ட் குழு நேரலையில் வந்தது. இனி இப்படியொரு அப்டேட் வராது, மாற்றங்களை முன்கூட்டியே சொல்கிறோம் என்றது. ஆகஸ்ட் 8-ல் மந்திரவாதிக்கும் பார்பேரியனுக்கும் பலம் கூட்டப்பட்டது.

செமஸ்டர் லீவில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இரண்டு நாளில் புது செட்டப்புக்கு மாறிவிடலாம். கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து, ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுபவருக்கு அதுவே இரண்டு வாரம்.

காசும் போனால்?

போனிலேயே ஆடும் கென்ஷின் இம்பாக்ட்டில் கேரக்டர்கள் குலுக்கலில் வருகின்றன. 90 குலுக்கலுக்குள் ஒரு 5 ஸ்டார் உறுதி. அது நாம் கேட்ட ஆளாக இருக்கும் என்பது முதல் தடவையில் உறுதியில்லை. 2020 டிசம்பரில் இப்படிக் காசு செலவழித்து 'சோங்லி'யை எடுத்தவர்கள், எதிர்பார்த்த பலம் இல்லை என்று கொந்தளித்தார்கள். 2021 பிப்ரவரியின் 1.3 அப்டேட்டில் கம்பெனி அவரை பலப்படுத்தியது. இங்கே பிரச்சினை குறைத்தது அல்ல, குறைவாகக் கொடுத்தது. கோபம் என்னவோ அதேதான்.

சட்டப்படி பிளேயர் கையில் பெரிதாக எதுவும் இல்லை. படிக்காமலே நாம் 'ஓகே' தட்டும் பிளிசார்ட் ஒப்பந்தத்தில், கேம் விற்கப்படவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்று எழுதியிருக்கிறது.