நீர் இறங்கும் வேளை

"நீந்தத் தெரியாதவன் கடலில் இராத் தங்கலாமா?" என்ற விவாதம் எங்கள் வீட்டில் ஒரு மாத காலம் நடந்தது. நீந்தத் தெரியாதவன் அடியேன். தங்கியே தீரவேண்டுமென்று வாதித்தவள் என் மனைவி. தீர்ப்பு எந்தப் பக்கம் ஆயிற்றென்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஹனோயிலிருந்து மோட்டாரில் இரண்டரை மணி நேரம் சென்றால் வியத்நாமின் ஹா லாங் விரிகுடா வந்துவிடும். 'இறங்கிவந்த நாகம்' என்பது பெயரின் பொருள். பகைவர் கப்பல்களைத் தடுக்கப் பறக்கும் நாகம் உமிழ்ந்த மணிகளே தீவுகளாயினவாம். சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் 1,900-க்கு மேல் உண்டு. 1994-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. 2025 ஜூலையில் திடீர்ப் புயலில் ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்து பலர் மாண்டதும் இங்கேதான். எனவே மிதவைச் சட்டையை நான் சாப்பாட்டு மேஜையிலும் கழற்றவில்லை.

முதல் நாள் மாலை சுங் சோட் குகையைப் பார்த்தோம். மழைநீர் யுகயுகமாய்ப் பாறையைக் கரைத்துக் கட்டிய மண்டபம் அது. அழகுதான், ஆனால் வர்ண விளக்குகளைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

இரவு படகு நங்கூரமிட்டதும் வழிகாட்டி இளைஞர் ஒரு விஷயம் சொன்னார். நம் கரைகளில் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடல், இங்கே பெரும்பாலும் ஒரே முறைதான் ஏறி இறங்குமாம். 1288-ல் மங்கோலியர் கப்பற்படையைத் திரான் ஹுங் தாவ் வென்றது இந்த ஞானத்தால்தான். அருகிலுள்ள பாக் டாங் ஆற்று முகத்தில் கூரிய மரக் கழிகளை நட்டு, வெள்ளம் ஏறியிருக்கையில் பகைவரை உள்ளே இழுத்தார். நீர் இறங்கியது, கப்பல்கள் கழிகளில் சிக்கின. அக்கழிகளைச் சேமித்த இடம் இவ்விரிகுடாவின் தாவ் கோ குகை என்பது ஐதீகம்.

மறுநாள் காலை லுவோன் குகை. கயாக் என்னும் இருவர் ஓடத்தில் நாமே துடுப்புப் போட வேண்டும். ஓடங்களைக் கொடுத்த மூதாட்டி, பாறையில் சிப்பிகள் படிந்த கோட்டைப் பார்த்துவிட்டு, "அரை மணியில் திரும்புங்கள்" என்றாள். அவள் மிதக்கும் கிராமமொன்றில் பிறந்தவள். 2014-ல் அரசாங்கம் அக்கிராமத்தாரைக் கரையில் குடியேற்றியது. குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. புயல் பயம் போயிற்று. "புது வீடு எப்படி, அம்மா?" என்று என் மனைவி வழிகாட்டி மூலம் விசாரித்தாள்.

"நல்ல வீடுதான். ஆடாத வீட்டில் தூக்கம் வர ஒரு வருஷமாயிற்று."

குகை என்பது ஒரு மலைச் சுரங்கம். உள்ளே நுழைந்து வெளிப்பட்டால் நாற்புறமும் செங்குத்துப் பாறை, நடுவில் பச்சை நிறக் குளம். என் மனைவி வலப்புறம் துடுப்புப் போட, நானும் வலப்புறமே போட்டேன். ஓடம் குளத்தைப் பிரதக்ஷிணம் செய்தது. யார் மேல் குற்றம் என்று நாங்கள் நிர்ணயம் செய்துகொண்டிருக்கையில், சுரங்கத்தின் அப்பாலிருந்து மூதாட்டியின் குரல் கேட்டது. பாஷை புரியவில்லை, பாறையின் சிப்பிக் கோட்டில் பாதி நீரில் மறைந்திருந்தது. என் மனைவி திரும்பிப் பாராமலே, "இடப்பக்கம் நீங்கள்" என்றாள். போட்டேன்.