எண் பெரிதானால் மைலேஜ் கூடுமா?



அப்பாவோடு பைக்கில் பெட்ரோல் பங்க்குக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே இருக்கும் அண்ணன், "நார்மலா, பவரா சார்?" என்று கேட்பார். விலை கூடுதலான பெட்ரோல் தரும் பம்ப்பில் 95 என்று எழுதியிருக்கும். சில ஊர்களில் 100 கூட உண்டு.

"பெரிய எண் போட்டால் வண்டி அதிக தூரம் ஓடுமா?" என்று உங்கள் மனசில் ஒரு கேள்வி எழுந்ததா? சபாஷ்! பெரியவர்களில் பலர் இதைக் கேட்காமலே காசு கொடுத்துவிடுகிறார்கள். வாருங்கள், பைக் இன்ஜினுக்குள் எட்டிப் பார்ப்போம்.

இன்ஜினில் சிலிண்டர் என்று ஓர் உருளை இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். முதலில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து உள்ளே வரும். பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை அமுக்கும். நாம் தினமும் பார்க்கும் பல பைக்குகளில், கலவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்கிவிடும். அந்த நேரத்தில் ஸ்பார்க் பிளக் ஒரு பொறி விடும். கலவை எரியும், பிஸ்டன் கீழே தள்ளப்படும், சக்கரம் சுற்றும்.

இதுவரை புரிந்ததா? நல்லது. இப்போது ஒரு சின்னச் சோதனை. சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாகப் பத்துத் தடவை அடித்துப் பாருங்கள். பிறகு பம்ப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சூடாக இருக்கும். காற்றை அமுக்கினால் அது சூடாகிறது. சிலிண்டருக்குள்ளும் இதுதான் நடக்கிறது.

இந்தச் சூட்டில்தான் தொல்லை. ஏன் தெரியுமா?

பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல வகுப்பு என்றால் முதல் வரிசை எழுந்து போகும், அடுத்து இரண்டாம் வரிசை, அப்புறம் மூன்றாவது. எல்லாரும் ஒழுங்காக வெளியே வந்துவிடுவார்கள். பிளக்கின் பொறிதான் அந்த மணி. பொறி விழுந்ததும் தீ ஒரு பக்கத்தில் தொடங்கி, வரிசை வரிசையாகப் பரவ வேண்டும்.

ஆனால் கடைசி பெஞ்சுப் பையன்களுக்குப் பொறுமை இல்லை என்று வையுங்கள். தங்கள் முறை வருவதற்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால்? வாசலில் முட்டி மோதல்தான்! அதுபோல, தீ இன்னும் எட்டாத மூலையில் இருக்கும் கலவை, சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொள்ளும். அப்போது இன்ஜினுக்குள் "டக டக" என்று ஓசை கேட்கும். மெக்கானிக் அண்ணன்கள் இதை 'நாக்கிங்' என்பார்கள். அது நீடித்தால் பிஸ்டனே கெட்டுப்போகும்.

பெட்ரோலுக்கு இந்தப் பொறுமை எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதுதான் ஆக்டேன் எண்.

இந்த அளவுகோலை 1926-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கியவர் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர். அவர் இரண்டு திரவங்களை எடுத்துக்கொண்டார். ஐசோ ஆக்டேன் எளிதில் நாக்கிங் ஆகாது. அதற்கு 100 மதிப்பெண். ஹெப்டேன் உடனே நாக்கிங் ஆகிவிடும். அதற்குப் பூஜ்யம். 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படியே ஒரு பெட்ரோலும் நடந்துகொண்டால், அதன் ஆக்டேன் எண் 91.

நம் நாட்டில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்த 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 விதி, சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தது 91, உயர்ரகத்துக்கு 95 என்று வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் எக்ஸ்பி 100 என்ற பெட்ரோலைக் கொண்டுவந்தது.

ஒரு காலத்தில் இந்தப் பொறுமையைக் கூட்ட, பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள். நாக்கிங் நின்றது. ஆனால் புகையோடு வந்த ஈயம் குழந்தைகளின் மூளைக்குக் கேடு செய்தது. இந்தியா 2000-ஆம் ஆண்டில் அதை நிறுத்திவிட்டது. கடைசியாக 2021-இல் அல்ஜீரியாவும் நிறுத்தியது.

சரி, நம் கேள்விக்கு வருவோம். எண் பெரிதானால் பெட்ரோலுக்குப் பலம் கூடுமா?

எத்தனாலைக் கேட்டால் பதில் கிடைக்கும். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கும் இந்த எத்தனாலை இப்போது நம் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை கலக்கிறார்கள். அதன் ஆக்டேன் எண் 100-ஐயும் தாண்டும். ஆனால் ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். எண்ணிலே பெரியது, வெப்பத்திலே சின்னது! ஆக, ஆக்டேன் எண் பலத்தைச் சொல்லும் எண்ணே இல்லை. பிடிபட்டதா?

அப்படியானால் எந்தப் பெட்ரோல் போடுவது? வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து பாருங்கள். எந்த ஆக்டேன் எண் வேண்டும், எத்தனால் எவ்வளவு கலந்திருக்கலாம் என்று அதில் இருக்கும். கலவையை மிக இறுக்கமாக அமுக்கும் பெரிய ரேஸ் ரக பைக்குகளில் சூடு அதிகம். அவற்றுக்குப் பொறுமை அதிகமான பெட்ரோல் தேவைப்படலாம். 91 போதும் என்று கையேடு சொல்லும் வண்டிக்கு 100 ஊற்றினால், அந்தக் கூடுதல் பொறுமைக்கு அங்கே வேலையே இல்லை. காசு மட்டும் கரையும்.

மைலேஜ் கூட்டும் வழிகள் வேறு இருக்கின்றன. டயரில் காற்று குறைந்தால் டயர் அமுங்கி உருளும், பெட்ரோல் வீணாகும். செயின் காய்ந்தாலும், பிரேக் உரசிக்கொண்டே இருந்தாலும், ஏர் ஃபில்டர் அடைத்தாலும் அப்படித்தான். வேகமும் முக்கியம். 40 கிலோமீட்டர் வேகத்தை 80 ஆக்கினால் எதிர்க்காற்றின் தடை நான்கு மடங்காகும். இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு! சிக்னலில் நீண்ட நேரம் நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிடுவதும் நல்லது.

உங்கள் வீட்டு வண்டியின் மைலேஜை நீங்களே கண்டுபிடிக்கலாம். அப்பாவையோ அம்மாவையோ டேங்க்கை முழுதாக நிரப்பச் சொல்லுங்கள். மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், 12,400 என்று வைப்போம். சில நாள் கழித்து மறுபடி முழுதாக நிரப்புங்கள். மீட்டரில் 12,680. ஊற்றிய பெட்ரோல் 5 லிட்டர். ஓடிய தூரம் 280. அதை 5 ஆல் வகுத்தால்? ஆமாம், லிட்டருக்கு 56 கிலோமீட்டர். பம்ப்புக்குப் பக்கத்தில் போக வேண்டாம், தள்ளி நின்றே எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் ஒரு தடவை அளந்து பாருங்கள். பிறகு டயருக்குச் சரியான அளவு காற்றும் செயினுக்கு எண்ணெயும் போடச் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு விடைகளையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வீட்டில் எல்லாருக்கும் காட்டுங்கள். அளந்து பார்த்துப் பேசுகிறவர்தான் விஞ்ஞானி!