டீசல் வண்டியின் புகை: கண் பார்ப்பதும் கருவி அளப்பதும்

‘என் காரில் புகையே தெரியவில்லை, பிறகு ஏன் புகைப் பரிசோதனையில் தேறவில்லை?’ டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் சந்தேகம் இது.

வண்டி சும்மா உறுமிக்கொண்டு நிற்கும்போது அளப்பதில்லை என்பதே காரணம். நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று கடைசி வரை அழுத்துவார்கள். டீசல் ஒரேயடியாகப் பாயும்; காற்று அதற்கு ஈடுகொடுக்காது. எரியாத மிச்சம் கரியாக வெளியே வரும். சைலன்சரில் செருகிய குழாய் அதைப் புகைமானிக்குள் (புகை எவ்வளவு வெளிச்சத்தை மறிக்கிறது என்று அளக்கும் கருவி) கொண்டுபோகும். பல முறை அழுத்திச் சராசரி எடுப்பார்கள். பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசுத் தரம்) டீசல் வண்டிக்கு வரம்பு 1.62, அதற்கு முந்தையவற்றுக்கு 2.45.

அப்படியானால் கண்ணால் பார்ப்பதற்கு மதிப்பே இல்லையா? உண்டு. மோட்டார் வாகன விதி 116-இன்படி, புகையைப் பார்த்துச் சந்தேகப்படும் சப்-இன்ஸ்பெக்டரோ மோட்டார் வாகன ஆய்வாளரோ உங்களைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். கையில் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருந்தாலும் அனுப்பலாம். வரம்பை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் 3 மாதம் போகும்.

நிறம் எதைச் சொல்கிறது? கறுப்பு என்றால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அதைத் தட்டினால் தூசி கொட்டுகிறதா? மாற்றிவிடுங்கள், செலவு குறைவு. அதற்கும் அடங்காவிட்டால் இன்ஜெக்டர். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ஊட்டியில் காலையில் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவி, சில நிமிடத்தில் நின்றுவிடும். நிற்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் மெக்கானிக்கிடம் உடனே காட்டுங்கள்.

பெட்ரோல் வண்டிக்கு இந்தப் புகைமானிக் கணக்கு பொருந்தாது. அங்கே அளப்பது கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை; அவை கண்ணுக்கே தெரியாது.

டீசல் பரிசோதனையில் ஆக்சிலரேட்டரை இப்படிக் கடைசி வரை அழுத்தினால் இன்ஜின் கெடாதா? நல்ல நிலையில் இருந்தால் கெடாது. ஆனால் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய காலம் கடந்திருந்தால் அறுந்துபோகலாம். அதை மாற்றிவிட்டு, ஆயில் அளவையும் பார்த்துவிட்டுப் போங்கள். கால் மணி நேரமாவது ஓட்டி, இன்ஜின் சூடேறிய பிறகு பரிசோதனைக்கு நிறுத்துங்கள். குளிர்ந்த இன்ஜின் கூடுதலாகப் புகை கக்கும்.

குழாயைச் செருகாமலே சான்றிதழ் தரும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். பின்னால் ஸ்கூட்டரில் வரும் குழந்தை உங்கள் கரியைத்தான் மூச்சில் இழுக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அளந்த எண் என்ன என்றும் கேளுங்கள். போன முறையைவிட அது ஏறியிருந்தால், தேறிய வண்டியையும் ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.